மூன்று வாக்கியத்தில் ஒரு பிள்ளை

செங்கமலத்துக்கு அது பதினான்காவது மாதம். குழந்தை எப்போதோ தயாராகிவிட்டது. அதன் அப்பா மதிவாணன்தான் இன்னும் தயாராகவில்லை. 'சந்ததி' என்ற சொல்லைத் தகப்பன் மூன்று வாக்கியத்தில் ஒன்றிலாவது சரியாகப் பயன்படுத்தி எழுதித் தராமல் அந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பிள்ளையையும் வெளியே விடமாட்டார்கள்.

விதியைக் கேட்டபோது மதிவாணனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கொல்லன் தெருவிலேயே ஊசி விற்க வந்துவிட்டார்களே! நகராட்சித் தலைவருக்குப் பதினோரு வருஷமாக மேடைப் பேச்சு எழுதித் தருகிறவன் அவன். சந்ததி இல்லாமல் ஒரு பேச்சும் முடிந்ததில்லை. கழிப்பறைத் திறப்பு விழாவில்கூட வருங்காலச் சந்ததியினர் வந்து வாழ்த்திவிட்டுத்தான் போனார்கள்.

நர்ஸ் படிவத்தைக் கொடுத்தார். மதிவாணன் பேனாவைத் திறந்து, பழக்கதோஷத்தில் தலைப்பில் ஒரு பிள்ளையார் சுழி போட்டான்.

"ஒண்ணு ஆச்சு. இன்னும் ரெண்டுதான்" என்றார் நர்ஸ்.

"சிஸ்டர், அது சுழிங்க."

"மை பட்டா வாக்கியம்தான். முதல் வாக்கியம் தப்பு. அதுல சந்ததியே இல்ல."

பிள்ளையாரோடு யார் வழக்காடுவது? மதிவாணன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவதை எழுதினான். கைக்கு வந்த வாக்கியம், யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'நம் நற்பணிகளை வருங்காலச் சந்ததியினர் போற்றிப் புகழ்வர்.'

சரிபார்ப்பு அறை நடையின் கோடியில் இருந்தது. அவன் நடக்க நடக்கக் கோடியும் நடந்தது. போய்ச் சேர்வதற்குள் அவன் செருப்பு வார் அறுந்துவிட்டது.

மேஜைக்குப் பின்னால் பல்செட் போட்ட ஒரு பெரியவர் இருந்தார். வயது எழுபதுக்குக் குறையாது. பெயர்ப்பலகையில் 'கொள்ளுப்பேரன்' என்று மட்டும் எழுதியிருந்தது. காது மதிவாணனுடைய காது.

"வாங்க தாத்தா. உக்காருங்க" என்றார் பெரியவர்.

மதிவாணனுக்கு வயது முப்பத்தொன்று. உட்கார்ந்தான்.

கொள்ளுப்பேரன் தனக்குப் பின்னால் இருந்த சின்ன ஜன்னலைத் திறந்து, அந்த வாக்கியத்தைச் சந்ததியினர் உட்கார்ந்திருந்த பக்கத்து அறைக்குள் உரக்கப் படித்தார். உள்ளே நிறையப் பேர் இருமினார்கள். பிறகு யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு சாப்பாட்டு இடைவேளை வரைக்கும் ஓடியது. அவர் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சிவப்பு மையில் 'தவறு' என்று எழுதினார்.

"என்ன தப்பு? எழுத்துப் பிழையா?"

"எழுத்தெல்லாம் முத்து முத்தா இருக்கு தாத்தா. விஷயம்தான் நடக்கல. யாரும் போற்றல."

"புது பஸ் ஸ்டாண்டுகூடவா?"

"ஏரிக்குள்ள கட்டினதுதானே? இப்ப அங்க படகுல போறோம்."

அந்தத் திறப்பு விழாப் பேச்சும் மதிவாணன் எழுதியதுதான். பேச்சை மாற்றினான்.

"மூணாவதும் தப்பா போனா?"

"அடுத்த படிவம் அடுத்த தலைமுறைக்குத்தான் தருவாங்க."

"அடுத்த தலைமுறை உள்ளதானேய்யா மாட்டிக்கிட்டு இருக்கு!"

"அதுக்கு வேற செக்‌ஷன் தாத்தா."

மதிவாணனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது? வார்டுக்குத் திரும்பினான். நடையைக் கடப்பதற்குள் பதினைந்தாவது மாதம் பிறந்துவிட்டது. செங்கமலம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல வயிறு அதிர்ந்தது.

"ஏங்க, ஊருக்கெல்லாம் ஒரு மணி நேரம் பேச எழுதித் தர்றீங்க. எனக்கு மூணு வரி வராதா?" என்றாள். பிறகு அழுதாள். "முடியலங்க. நெசமாவே முடியல."

மதிவாணன் ஒற்றைச் செருப்போடு ஓடினான்.

"நீயே சொல்லுப்பா, என்ன எழுதணும்? நீ என் ரத்தம்தானே" என்றான் கொள்ளுப்பேரனிடம்.

"அதனாலதான் சொல்லக்கூடாது. சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினான்னு மேல மொட்டைக் கடுதாசி போயிடும்."

"சரி. நீ இங்க இருக்கேன்னா என் பிள்ளை பொறந்தாச்சுன்னுதானே அர்த்தம்?"

"நானும் தற்காலிகப் பணியாளர்தான் தாத்தா" என்றார் அவர். சொல்லும்போது அவருடைய வலது கை லேசாக மங்கித் தெரிந்தது. அவர் அதை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பதினோரு வருஷ வாக்கியங்களையும் மதிவாணன் மனசுக்குள் புரட்டிப் பார்த்தான். வாழ்த்தும் சந்ததி, வணங்கும் சந்ததி, நன்றிக் கண்ணீர் விடும் சந்ததி. ஒன்றையும் அந்த ஜன்னலுக்குக் கொண்டுபோக முடியாது. தூ என்று இருந்தது அவனுக்கு.

"உள்ள இருக்கறவங்களுக்கு என்னைப் பத்தி என்னதான் தெரியும்?"

கொள்ளுப்பேரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு உங்க பேர் தெரியும். படிவத்துல இருக்கு" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

மதிவாணன் பேனாவைத் திறந்தான். எழுதப்போவதை அவர்கள் ஒப்புக்கொண்டால் அது அப்படியே ஆகிவிடும். பெற்றுக்கொள்வதற்கு முன்பே இழப்பதற்குக் கையெழுத்துப் போடுகிற அப்பன் உலகத்தில் உண்டா? செங்கமலம் கம்பியைப் பிடித்து நின்றது கண்ணுக்குள் வந்தது. எழுதினான்.

'என் சந்ததிக்கு என்னைத் தெரியாது.'

கொள்ளுப்பேரன் ஜன்னலைத் திறந்து படித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "சரி" என்றது ஒரு குரல். "சரி" என்றது இன்னொன்று. வரிசையாகச் சொல்லி முடித்தார்கள்.

"நானும் கையெழுத்துப் போடணும்" என்றார் கொள்ளுப்பேரன். மதிவாணனை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். பச்சை மையில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் கை இப்போது தெளிவாக இருந்தது. நிமிர்ந்தார்.

"சொல்லுங்க சார். யாரைப் பாக்கணும்?"

மதிவாணன் எழுந்தான். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. நடை நாலே எட்டில் முடிந்தது.

செங்கமலம் படுத்திருந்தாள். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. "பொண்ணுங்க. மெதுவா தூக்குங்க" என்றாள். அவளுக்கு அவனைத் தெரிந்திருந்தது. அந்த மட்டில் விட்டார்களே!

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். குழந்தை அழுகையை நிறுத்தி அவனைப் பார்த்தது. பிறகு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கு ஆள் வந்தால் நகர்வதுபோல, மரியாதையாகக் கொஞ்சம் நகர்ந்து படுத்துக்கொண்டது.

"மதிவாணன்" என்றான் அவன், அதன் காதருகே குனிந்து.

குழந்தை கேட்டுக்கொண்டது. கண்ணை மூடித் திறந்தது. பழையபடி முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தது.

"மதிவாணன்" என்றான் மறுபடியும்.