சேவல் இல்லாத முட்டை

முதல் நாள் வகுப்பில் எங்கள் மேடம் ஒவ்வொருத்தியாக எழுப்பி, ஏன் விலங்கியல் எடுத்தாய் என்று கேட்டார். பாதிப் பேர் டாக்டர் சீட் கிடைக்கவில்லை என்றார்கள். அமீனா பீ உள்ளதை உள்ளபடி, "கணக்கு வராது மேடம்" என்று சொல்ல, வகுப்பே சிரித்தது. என் முறை வந்தபோது நானும் டாக்டர் சீட் என்றே சொல்லிவைத்தேன். எங்கள் மதினிக்காக எடுத்தேன் என்று அத்தனை பேர் நடுவே எப்படிச் சொல்வது?

மதினி என்றால் என் அண்ணன் சுயம்புலிங்கத்தின் மனைவி, இசக்கியம்மாள். தியாகராய நகரில் எங்களுக்குப் பாத்திரக்கடை, பின் தெருவில் வீடு. அப்பா காலமான பிறகு கடையையும் அம்மாவையும் என்னையும் சேர்த்துச் சுமந்தவர் அண்ணன். பொட்டப்பிள்ளைக்குப் பட்டம் எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்களை எல்லாம், "அவ படிக்கட்டும்" என்ற ஒரே சொல்லில் அடக்கியவர். அவரிடம் நான் உட்கார்ந்து பேசியதே கிடையாது. அவர் கேட்பார், நான் தலையாட்டுவேன்.

மதினி சாத்தான்குளத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு வருஷம். பிள்ளை இல்லை. அவள் குடிக்காத கஷாயம் இல்லை, சுற்றாத மரம் இல்லை. செவ்வாய் தவறாமல் வடபழனிக்கும் போய் வந்தாள். நான் பி.எஸ்சி.யில் சேரப் போனபோது அவள் கேட்டது ஒன்றுதான். "வயித்துக்குள்ள என்ன நடக்குன்னு சொல்லித்தார படிப்பு எது புஷ்பம்? அதை எடு." எடுத்தேன். ஊரில் எவன் எவனோ எதற்கெதற்கோ எடுக்கிற படிப்பு. எனக்கு இந்தக் காரணம் போதாதா?

நான் கோடு போட்டால் பாம்பு நெளிந்த மாதிரி இருக்கும். மதினிக்குக் கோலம் போட்ட கை. என் ரெக்கார்டு நோட்டில் தவளை, சுறா, கரப்பான் எல்லாம் அவள் வரைந்தவைதான். அடுப்பு வேலை முடிந்த மத்தியான நேரத்தில் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருவாள். சும்மா வரையமாட்டாள். இது என்ன, இது எதுக்கு என்று கேட்டுக் கேட்டுத்தான் வரைவாள்.

மூன்றாம் வருஷக் கார்த்திகையில் அம்மா அண்ணனுக்கு உடன்குடியில் ஒரு பெண் இருப்பதாகப் பேச்செடுத்தாள். தை பிறந்ததும் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் மதினி கொஞ்ச நாள் ஊருக்குப் போய் ஓய்வெடுக்கட்டுமாம். அந்த ஓய்வுக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் மதினி ஆண் தவளையின் இனப்பெருக்க மண்டலம் வரைந்துகொண்டிருந்தாள்.

"இது எதுக்கு?"

"இங்கேதான் மதினி விந்து உண்டாகும். குஞ்சுக்குப் பாதி அப்பன்கிட்ட இருந்து வருது, பாதி ஆத்தாகிட்ட இருந்து."

"பாதியா?"

"சரிபாதி."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "அப்போ எட்டு வருஷமா அவுக பாதிக்கும் சேத்து நானா மருந்து குடிச்சிருக்கேன்?"

நான் ரப்பர் தூளை ஊதித் தள்ளினேன். அவளே, "உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். படிச்சவ சொன்னா கேப்பாக" என்றாள்.

சொல்லலாம். எப்படிச் சொல்வது? கூடப்பிறந்த அண்ணன் எதிரே நின்று, "உங்களுக்குக் குறை இருக்கிறதா என்று பாருங்கள்" என்று ஒரு தங்கச்சி சொன்னால் எங்கள் வீட்டில் கூரை இடிந்து விழும். என்னாலும் முடியாது, அவளாலும் முடியாது. நாளோ ஓடிக்கொண்டிருந்தது.

வழி கல்லூரியில் கிடைத்தது. மார்கழியில் மயிலாப்பூரில் இருந்த எங்கள் கல்லூரியில் பொருட்காட்சி. ஒவ்வொரு மேசையிலும் ஒருத்தி குச்சியும் கையுமாக நின்று, வருகிற ஜனங்களுக்கு விளக்கம் ஒப்பிப்பாள். கோழிக்கரு மேசையை எனக்குத் தாருங்கள் என்று மேடத்திடம் கெஞ்சி வாங்கினேன். வீட்டில் பேசக்கூடாததைக் குச்சி பிடித்துக்கொண்டு புத்தகத் தமிழில் ஊருக்கே பேசலாம் அல்லவா?

முட்டைக்கு அடையாற்று ஓரக் குடிசைகளுக்குப் போனேன். முனியம்மாள் என்பவள் அங்கே நாட்டுக்கோழி வளர்த்தாள். "சேவ சேந்த முட்டதான் பாப்பா இது. நம்ம ஊட்லயே சேவ கீது" என்று பொறுக்கித் தந்தாள். திரும்பும் வழியில் கடையில் வெள்ளை முட்டையும் வாங்கிக்கொண்டேன். அது சேவல் வாடையே இல்லாத பண்ணைக்கோழி இட்டது. இரண்டையும் கல்லூரியில் அடைகாக்கிற சூட்டுப்பெட்டியில் மூன்று நாள் சேர்த்தே வைத்தேன்.

பொருட்காட்சிக்கு அண்ணன் கடையை ஆளிடம் விட்டுவிட்டு அம்மாவையும் மதினியையும் அழைத்து வந்தார். மைக்ராஸ்கோப்பை ஒரு தட்டுத் தட்டி, "நல்ல பித்தளை" என்றார். என் மேசையைச் சுற்றிக் கூட்டம்.

நாட்டு முட்டையை உடைத்து, கருவைக் கண்ணாடிக் கிண்ணத்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு லென்ஸுக்கு அடியில் வைத்தேன். முதலில் மதினி குனிந்தாள். "ஏளா, துடிக்கி" என்றாள். கடுகளவு சிவப்பு, விடாமல் துடித்தது. அவள் நிமிரவே இல்லை.

நான் வெள்ளை முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றினேன். வெறும் மஞ்சள் கரு. குச்சியை எடுத்தேன்.

"இதுவும் அதே சூட்டில், அதே நாட்கள் இருந்த முட்டைதான். இதில் ஏன் உயிர் உண்டாகவில்லை? கோழி நல்ல கோழி. முட்டையும் நல்ல முட்டை. சேவலிடமிருந்து வரவேண்டிய பாதி வரவில்லை. இதில் கோழியின் குற்றம் ஒன்றும் இல்லை. கோழியை மாற்றினாலும் இப்படியேதான் இருக்கும்."

அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தட்டையே பார்த்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்பின் தெரியாத ஆள் மாதிரி என்னைப் பார்த்து, "ஒரு சந்தேகம்ங்க" என்றார். பிறந்ததிலிருந்து என்னை வா, போ என்று கூப்பிட்டவர். "சேவல்கிட்டதான் குறைன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கிடுறது?"

"சோதனை இருக்கிறது ஐயா. ஒரு துளி எடுத்து இதைப் போன்ற மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். கோழிக்குச் செய்வதைவிடச் சுலபம்."

"அதுக்கு வலிக்குமோ?"

பின்னால் நின்ற மாமி ஒருத்தி, "சேவலுக்கு வலிச்சா என்னவாம்!" என்றாள். கூட்டம் சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, முட்டையைப் பற்றி இவனுக்கு ஏன் இத்தனை சந்தேகம் என்று அலுத்துக்கொண்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் நடந்தார்.

தண்ணீர் ஆற ஆறக் கிண்ணத்தில் துடிப்புத் தளர்ந்தது. "வெந்நி ஊத்துளா" என்று மதினி என் கையைப் பிடித்தாள். ஊற்றினேன். கொஞ்சம் துடித்தது. மறுபடி ஊற்றச் சொன்னாள். அதற்குமேல் முடியாது மதினி என்று நான் சொன்ன பிறகும், அது நின்ற பிறகும், குனிந்தபடியே இருந்தாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அண்ணன் மத்தியானமே கடையிலிருந்து வந்தார். சட்டையைக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"உடன்குடிப் பிள்ளைக்கு வேற இடம் பாக்கச் சொல்லிருங்க."

"ஏம்ல?"

"டாக்டரைப் பாத்துட்டு வாரேன். குறை என்கிட்டதான். மருந்து கிடையாதுன்னுட்டாரு. எந்தப் பிள்ளை வந்தாலும் இப்படித்தான். இசக்கி எங்கேயும் போகவேண்டாம்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற தாயிடம் அதைச் சொல்ல எங்கள் ஜனத்தில் எத்தனை ஆம்பிளைகளுக்கு நெஞ்சு வரும்? எனக்கு அண்ணன் காலில் விழவேண்டும்போல இருந்தது. விழாமல் மதினியைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். ஜெயித்துவிட்டோம் என்று அவளைக் கட்டிக்கொள்ளத்தான் ஓடினேன்.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. முகமெல்லாம் கண்ணீர்.

"ஏன் மதினி அழுறீங்க? இனிமே உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லமுடியாது."

"சொல்லமாட்டாக." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "குறை என்கிட்டயே இருந்திருக்கலாம் புஷ்பம். இருந்திருந்தா கஷாயமும் கோயிலுமா அடுத்த மாசம்னு ஒண்ணு வந்துக்கிட்டே இருந்திருக்கும்."

நான் அவள் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தேன்.