காலிக் கிண்ணம்

சாப்பாட்டு விஷயத்தில் அண்டாக்காவை ஏமாற்ற இனிமேல் ஒருத்தன் பிறந்துதான் வரவேண்டும் என்பார்கள். ஆண்கள் விடுதி ஒன்றின் சமையல்காரி அவள். பெரிய அண்டாவும் அவளும் ஒரே சுற்றளவு என்று எவனோ ஒரு வாய்க்கொழுப்புக்காரன் வைத்த பெயர் அது. நாளடைவில் அவளே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கழுவ வரும் தட்டைப் பார்த்தே யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் காதல், எவன் வெளியே தின்றுவிட்டு வந்து நடிக்கிறான் என்று சொல்லிவிடுவாள். தட்டு காலியாக வந்துவிட்டால் அவளுக்கு மேற்கொண்டு கேள்வியே கிடையாது.

அந்த நம்பிக்கைதான் வீட்டில் அவள் காலை வாரியது.

வீட்டுக்காரர் லாரி டிரைவர். அவருக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அண்டாக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்து சாமி படத்தின் முன்னால் நின்று கறாராகப் பேரம் பேசினாள்.

"வேளைக்கு ஒரு கிண்ணம் அவர் வயித்துக்குள்ள போகணும். அதை நீ பாத்துக்க. அவர் சாப்பிடாம என் வாயில ஒரு பருக்கை படாது. அதை நான் பாத்துக்கறேன்."

கட்டிலில் படுத்திருந்த டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அன்றிலிருந்து கஞ்சி. குழைந்த அரிசியில் சீரகம், பொடியாக நறுக்கிய இஞ்சி, ஜன்னலோரத்தில் பழைய பெயின்ட் வாளியில் அவள் வளர்த்த புதினா. கிண்டும்போது வாய் ஓயாமல் வேண்டிக்கொண்டே இருக்கும். நடுவில் மனம் வேறெங்காவது போய்விட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அதற்குள் கஞ்சி அடிப்பிடித்துவிடும், சாமிக்கும் சேர்த்து ஒரு திட்டு விழும்.

ஆனால் டிரைவருக்கு இறங்கவில்லை. அவள் எதிரிலேயே நின்று கெஞ்சினாள், மிரட்டினாள். கிண்ணம் நிறைந்தபடியே திரும்பியது. அவளும் பச்சைத் தண்ணீரோடு வேலைக்குப் போய், விடுதி அடுப்படியில் ஒருநாள் மயங்கி விழுந்தாள். டிரைவரின் அக்காவான நாத்தனார்தான் போய் அழைத்து வந்தார். வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"அவன் சாப்பிடலேன்னா நீயும் பட்டினியா? ரெண்டு பேரையும் நான் ஒருத்தி தூக்கிச் சுமக்கணுமா?"

"வாக்கு குடுத்தாச்சு அண்ணி. மாத்த முடியாது" என்றாள் அண்டாக்கா. அவள் பிடித்தால் குரங்குப் பிடிதான்.

மறுநாள் காலை டிரைவர் அவளைக் கூப்பிட்டார். "இங்க காத்தே வரல. கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளு." தள்ளினாள். "முறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னா எனக்கு எப்படி இறங்கும்? நீ அடுப்படிக்குப் போ."

போய்விட்டு வந்து பார்த்தால் கிண்ணம் காலி. ஸ்பூன்கூடக் கழுவித் துடைத்து வைத்திருந்தது.

"கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு டம்ளரைக் கழுவினதில்ல. இப்ப ஸ்பூனைக் கழுவுறாரு பாருங்க அண்ணி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு அவளும் வயிறாரச் சாப்பிட்டாள்.

"சாப்பிட்டியா?" கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"சாப்பிட்டேங்க."

"என்ன சாப்பிட்ட?"

ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் ஏதோ தானே சாப்பிட்டது போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதுவே தினசரி வழக்கமாகிவிட்டது.

கொஞ்ச நாளில் புதினா மஞ்சளடித்தது. வாளியைச் சுற்றி எறும்பு, லேசாகப் புளித்த வாடை. தண்ணீர் அதிகமாயிருக்கும் என்றார் நாத்தனார். அண்டாக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"தண்ணியும் இல்ல, மண்ணும் இல்ல. அவர் நோயை இது வாங்கிக்குது அண்ணி. இவர் இங்க சாப்பிடச் சாப்பிட, இது அங்க வாடுது பாருங்க."

வாளியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். இவ்வளவு பெரிய உபகாரம் செய்கிற செடியைக் கிளறித் தொந்தரவு செய்யக்கூடாது என்று விட்டுவிட்டாள். கஞ்சிக்குப் புதினாவைக் கடையில் வாங்கினாள்.

டிரைவரோ இளைத்துக்கொண்டே போனார். "சாப்பிட முடியலேன்னா மறைக்காம சொல்லுங்க, வேற வழி பண்ணலாம்" என்று டாக்டரம்மா சொன்னபோது அண்டாக்காவுக்குச் சுருக்கென்றது.

"கிண்ணத்தைக் காலி பண்றாரு டாக்டர். நான் சமையல்காரி, எனக்குத் தெரியாதா?"

டிரைவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் அவரால் எழுந்து உட்காரவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டரம்மா அண்டாக்காவைத் தனியாக அழைத்தார். "இவர் ரொம்ப நாளா சரியா சாப்பிடல. முன்னாடியே தெரிஞ்சிருந்தா குழாய் வழியா குடுத்துத் தெம்பு ஏத்தியிருக்கலாம். இப்ப உடம்பு தாங்காது. கூடவே இருங்கம்மா."

இந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்று பொருமிக்கொண்டே, நாத்தனாரை உட்கார வைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். ஜன்னலில் வாளி நின்றது. புதினா முழுக்கக் கருகிவிட்டிருந்தது. அவர் நோயை நீ வாங்கிக்கிட்டேன்னு நம்பினேனே, பாவி, இப்படிக் கைவிட்டுட்டியே என்று வாளியைத் தூக்கித் தரையில் கவிழ்த்தாள்.

மண்ணோடு சோறு விழுந்தது. அடியில் கறுத்த சோறு, அதற்குமேல் மண், மறுபடி சோறு. மேலாக இருந்தது நேற்றைய கஞ்சி, இன்னும் வெள்ளையாக, சீரகமும் இஞ்சியுமாக. தன் கையால் நறுக்கிய இஞ்சி அவளுக்குத் தெரியாதா? அந்த மண்ணுக்கு நடுவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவர்மேல் கோபம், சாமிமேல் கோபம், எல்லாவற்றையும்விடத் தன்மேல் கோபம்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது அவர் முழித்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டியா?"

"வாளியைக் கொட்டிட்டேன்" என்றாள்.

"சரி, திட்டு" என்றார்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க? என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நாலு வாய் நெஜமாவே சாப்பிட்டேன். மீதி இறங்கல. சொல்லியிருந்தா நீ சாப்பிட்டிருப்பியா?"

நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார். மேஜையில் கேன்டீனிலிருந்து அவர் வாங்கி வைத்த பன் இருந்தது.

"அதை எடுத்துச் சாப்பிடு. நான் பாக்கணும்."

சாப்பிட்டால் வாக்கு போயிற்று. இவர் இனிமேல் சாப்பிடப் போவதில்லை என்று அவளே தன் வாயால் சாமியிடம் ஒப்புக்கொண்டது போலாகும். பன்னைப் பிய்த்து வாயில் போட்டாள். மெல்ல முடிந்தது, விழுங்க முடியவில்லை. இறங்கவில்லை, இறங்கவில்லை என்று அவர் சொன்னதெல்லாம் என்னவென்று இப்போது புரிந்தது.

"முறைச்சுப் பாத்துக்கிட்டிருந்தா எனக்கு எப்படி இறங்கும்?" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் நினைத்திருந்தால் மிச்சத்தை முந்தானையில் முடிந்து ஒளித்திருக்கலாம். மனம் வரவில்லை. ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, கடைசித் துணுக்குவரை உள்ளே தள்ளினாள்.

"சாப்பிட்டேங்க" என்றாள்.

என்ன சாப்பிட்ட என்று அவர் கேட்கவில்லை.