இடுப்பளவு முப்பத்தாறு

தையல் மாஸ்டரின் அக்கா வீட்டுக்காரருக்குக் கடையில் வைத்த பெயர் முப்பத்தாறு. கல்யாணத்துக்குத் தைத்த முதல் சூட்டில் அவர் இடுப்பு முப்பத்தாறு அங்குலம். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம், எத்தனை சூட் தைத்தாலும் பேண்ட்டின் உள்பட்டியில் வைக்கிற சின்னத் துணி லேபிளில் அதே முப்பத்தாறுதான். கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைத் தட்டிக்கொள்வார்.

"பாத்தியா மாப்ளே? உங்க அக்கா சமையலால கூட என்னை அசைக்க முடியல!"

அசைத்துத்தான் இருந்தது. நன்றாகவே அசைத்திருந்தது. நிஜ இடுப்பு நாற்பது. அது தெரிந்த ஆள் ஒருவர்தான்: அந்தக் கடையில் அளவெடுத்து, வெட்டி, பிரித்து, பிடித்துத் தைக்கிற மாஸ்டர். அதாவது அவர் மனைவியின் தம்பி.

இதில் மாஸ்டர் சொந்தமாகச் செய்த தில்லுமுல்லு எதுவும் இல்லை. கடையின் வழக்கமே அது. "இடுப்பு எத்தனைன்னு சொல்றதுக்கு டாக்டர் இருக்கான், நம்ம வேலை பட்டன் போட வைக்கிறது" என்பார் முதலாளி. டேப்பை வைத்துப் பார்த்த எண்ணை வாயால் சொல்லக் கூடாது. சட்டைப் பையில் இருக்கும் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு, "அப்படியே இருக்கு சார்" என்று சொல்லிவிட வேண்டும். பருத்தவருக்கு ஓசைப்படாமல் தையலைப் பிரித்துத் தளர்த்தி விடுவது, இளைத்தவருக்கு ஓசைப்படாமல் பிடித்து இறுக்கி விடுவது. வந்தவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போவார். அடுத்த தடவையும் இங்கேயே வருவார்.

முப்பத்தாறு ஒரு பெரிய ஓட்டலில் விருந்து மண்டப மேலாளர். சூட் விஷயத்தில் அவர் பிடிவாதம் ஊரறிந்தது. கோடையில் பகல் விருந்துக்கு வெளிர் சாம்பல், லினன் கலந்தது, முதுகில் பாதி வரைக்கும்தான் லைனிங் இருக்க வேண்டும். மழைக்காலத்துக்குக் கருநீலம். குளிர் தொடங்கிவிட்டால் கரிச்சாம்பல் நிறக் கம்பளி. கறுப்பு சாவுக்கு மட்டும்தான். கல்யாணத்துக்குக் கறுப்பு சூட் போட்டு வருகிறவனைக் கண்டால், மாப்பிள்ளையின் அப்பாவாகவே இருந்தாலும், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளத் தோன்றும் என்பார். வருடத்தில் இரண்டு முறை, கோடை தொடங்கும்போதும் குளிர் தொடங்கும்போதும், அந்தப் பருவத்து சூட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வருவார். ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டுவார். எது எங்கே இறுக்குகிறது, எங்கே தொங்குகிறது என்று பார்த்து மாஸ்டர் சாக்பீஸால் கோடு போடுவார்.

போன கோடையின் தொடக்கத்தில் வெளிர் சாம்பல் பேண்ட் கொஞ்சம் இறங்கி நின்றது. டேப் முப்பத்தொன்பது காட்டியது. மாஸ்டருக்கு உள்ளூர சந்தோஷம். மனுஷன் காலையில் நடக்கத் தொடங்கியிருந்தார், பலன் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டார். "அப்படியே இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு, பின்பக்கத் தையலில் ஓர் அங்குலம் பிடித்தார். துணியை வெட்டவில்லை. உள்ளேயே மடித்து விட்டார். என்றைக்காவது மறுபடி பருத்தால் வேண்டுமே.

அதே கோடையின் நடுவில் ஓட்டலில் ஆண்டு விழா வந்தது. அதே சூட். டேப் முப்பத்தெட்டு என்றது. இன்னோர் அங்குலம்.

குளிர் தொடங்கியதும் கம்பளி சூட்டுகள் வந்தன. மாஸ்டர் டேப்பைச் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். முப்பத்தாறு. இருபத்திரண்டு வருடப் பொய் அன்றைக்கு நிஜமாகியிருந்தது. கோட்டை மாட்டிவிடும்போது தோளெலும்பு கையில் இடறியது. பேச்சும் சிரிப்பும் பழையபடிதான் இருந்தன. காலர் மட்டும் கழுத்தைத் தொடாமல் தள்ளி நின்றது.

இந்த இடத்திலாவது மாஸ்டர் வாயைத் திறந்திருக்க வேண்டும். "மாமா, நீங்க இளைச்சிருக்கீங்க" என்று மூன்று வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால், "என்னப்பா, எப்பவும் முப்பத்தாறுதானே?" என்று அவர் கேட்பார். அப்போது நாற்பதைச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடி முன்னால் வயிற்றைத் தட்டிக்கொண்டு நின்ற மனுஷனிடம், அதெல்லாம் நானும் கடையும் சேர்ந்து தைத்தது என்று சொல்ல வேண்டும். அக்கா புருஷனிடம் எப்படிச் சொல்வது? பேண்ட்டைப் பிடித்துவிட்டு, தோளில் வைக்கிற பஞ்சுத் திண்டைக் கொஞ்சம் கனமாக்கினால் போதும் என்று மாஸ்டரின் கை முடிவெடுத்தது. கை அதை அழகாகச் செய்தும் முடித்தது. அவ்வளவு நல்ல கை அது, பாழாய்ப் போன கை.

முப்பத்தாறு ட்ரையல் அறைக்குள் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது வெட்டும் மேசையில் இருந்த போன் அடித்தது. அக்கா.

"தம்பி, அவர் அங்கதான் இருக்காரா?"

"இருக்கார்க்கா. கோட் மாட்டிப் பாக்கறார்."

"எனக்கென்னவோ அவர் எளைச்ச மாதிரி இருக்குடா. மூஞ்சி சின்னதாப் போச்சு. கேட்டா, பேண்ட் எல்லாம் பழையபடி கச்சிதமா இருக்கு பாருங்கறார். நீதானே அளவெடுக்கற, நீ சொல்லு."

திரைச்சீலை விலகியது. முப்பத்தாறு தலையை நீட்டி, யார் போனில் என்று புரிந்துகொண்டு, உதட்டில் விரலை வைத்துக் கண்ணடித்தார். பக்கத்து மேசையில் முதலாளி வேறொருவருக்குத் துணி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா" என்றார் மாஸ்டர். "அளவு அப்படியேதான் இருக்கு."

"அப்பாடா. நீ சொன்னா சரிதான்."

இந்த வருடம் கோடை வந்தது. வெளிர் சாம்பல் சூட் மறுபடி மேசைக்கு வந்தது. டேப் முப்பத்து நான்கைக் காட்டியது. கோட்டின் பக்கங்களையும் பிடித்து, இதிலும் தோள் திண்டைக் கனமாக்கினார் மாஸ்டர். ஒரே மூச்சில் நான்கு அங்குலம் பிடிக்க வேண்டியிருந்ததால் பேண்ட்டின் பின் பாக்கெட்டுகள் இரண்டும் நடுவில் வந்து கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டன. எந்தக் கத்துக்குட்டி பார்த்தாலும் தெரிந்துவிடும். கோட் நீளமாக இருக்கிறது, மறைத்துவிடும் என்று மாஸ்டர் சமாதானம் செய்துகொண்டார். மறைக்கத்தான் செய்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு மதிய விருந்தின் நடுவில், முந்நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மண்டபத்தில், முப்பத்தாறு அந்த சூட்டோடு சுருண்டு விழுந்தார்.

நான்கு நாள் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் அக்காவை அறைக்குள் கூப்பிட்டார். துணைக்குத் தம்பியும் போனார். வயிற்றில் கட்டி, வேறு இடங்களுக்கும் பரவியிருக்கிறது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பிறகு பேனாவை எடுத்தார்.

"எவ்வளவு நாளா எடை குறைஞ்சிட்டிருக்கு?"

"எடையா? எடை எங்க டாக்டர் குறைஞ்சுது?" அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "போன மாசம் வரைக்கும் அவர் சூட் எல்லாம் அளவெடுத்த மாதிரி இருந்துது. எனக்கே சந்தேகம் வந்து கேட்டேன். இவன் என் தம்பி, இவன்தான் அளவெடுக்கறவன். இவனையே கேளுங்க."

டாக்டர் திரும்பினார். அக்காவும் திரும்பினாள். அவ்வளவு நம்பிக்கையோடு ஒருவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, மேசையில் வைத்தார். தேதியும் எண்ணும் வரிசையாக இருந்தன. டாக்டர் விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தார்.

"பதினாலு மாசம். போன கோடையிலேயே வந்திருந்தா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டு எழுதப் போய்விட்டார்.

அக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். குளிர்காலத் தேதியில் அவள் கண் நின்றதை மாஸ்டர் கவனித்தார். நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து மருந்து வாங்கு, ஆட்டோ பிடி என்பதைத் தவிர அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஏழு வாரம் உயிரோடு இருந்தார் முப்பத்தாறு. ஒரு காலையில் அக்கா குளிக்கப் போயிருந்தபோது மாஸ்டர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டிருந்தார் என்றே சொல்லலாம்.

"மாமா, நான் உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டேன். உங்க இடுப்பு முப்பத்தாறே இல்ல. எப்பவோ நாப்பது ஆயிடுச்சு. அதுக்கப்புறம் எளைச்சப்பவும் சொல்லாம..."

"தெரியும்டா."

மாஸ்டர் நிமிர்ந்தார்.

"இருபது வருஷமா சூட் போடறவனுக்குப் பிரிச்சு விட்ட தையல் தெரியாதா? பழைய மடிப்புக் கோடு அப்படியே நிக்கும். நீ சந்தோஷமா பொய் சொன்ன, நான் சந்தோஷமா கேட்டுக்கிட்டேன்." மூச்சு வாங்கியது. நிறுத்தித் தொடர்ந்தார். "பிடிச்சதும் தெரியும். கர்ச்சீப் வைக்கப் போனா பின் பாக்கெட் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ரகசியம் பேசிட்டிருக்கு. எனக்கு பயமாத்தான் இருந்துது மாப்ளே. ஆனா நீ என்னை டேப் வச்சுப் பாக்கறவன். பெரிசா ஏதாவது இருந்தா நீ சொல்லிடுவேன்னு நெனச்சேன். நீ சொல்லல. அதனால ஒண்ணுமில்லன்னு இருந்துட்டேன்."

மன்னிப்புக் கேட்க வந்தவருக்கு அதைவிடக் கொடுமையான பதில் கிடைத்திருக்க முடியாது.

"உங்க அக்காகிட்ட இத சொல்லிடாத" என்றார் முப்பத்தாறு. "எனக்கே தெரியும்னு தெரிஞ்சா அவ என்னையும் மன்னிக்க மாட்டா. சாகற நேரத்துல அது வேண்டாம். நீ இருக்கப்போறவன், தாங்கிக்க." பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "இப்பப் போனா கோடைதானே? எனக்குக் கறுப்புக் கம்பளியைப் போட்டுத் தொலைச்சிடாதீங்க, வேர்த்துக் கொட்டும்" என்று சிரிக்கப் பார்த்தார்.

ஒரு வியாழக்கிழமை விடியும்போது அவர் போய்ச் சேர்ந்தார். எட்டு மணிக்கு அக்கா அலமாரியைத் திறந்து வெளிர் சாம்பல் சூட்டை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தாள்.

"இதைத்தான் போடணும்."

"சரிக்கா. இன்னும் கொஞ்சம் பிடிக்கணும். உள்ள நாலு ஊசி குத்தினாப் போதும், வெளிய தெரியாது."

"பிடிக்காத." அவள் குரல் உயரவில்லை. "நீ பிடிச்சது அத்தனையும் பிரி. அவர் நல்லா இருந்தப்ப எப்படித் தச்சியோ அப்படிக் கொண்டு வா. ஊசி குத்தக் கூடாது. ஜனங்க பாக்கட்டும்."

கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. மாஸ்டர் தன்னிடம் இருந்த சாவியால் பின் கதவைத் திறந்து உள்ளே போனார். விளக்கைப் போட்டு, பேண்ட்டை உள்பக்கம் திருப்பி மேசையில் விரித்தார். முதலில் இந்தக் கோடையின் தையல், நான்கு அங்குலம். பிளேடு நுனியால் ஒவ்வொரு நூலாக வெட்டி உருவினார். அதற்குக் கீழே ஆண்டு விழாத் தையல். அதற்கும் கீழே முதல் தையல், சந்தோஷத்தோடு போட்ட தையல். ஒரு இடத்தில் துணியில் பிளேடு பட்டுவிட்டது. முப்பது வருடத் தொழிலில் அப்படி ஆனதில்லை. பிறகு கோட்டின் பக்கத் தையல்களையும் பிரித்தார், தோளில் கனமாக்கிய திண்டையும் எடுத்தார். இஸ்திரி போட்டுப் பார்த்தார். பின்பக்கத்தில் மூன்று கோடுகள் மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

உடுத்திவிட ஓட்டலில் இருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். தூக்கியபோது ஒருவர் மற்றவரைப் பார்த்தார். கனமே இல்லை. பேண்ட் இடுப்பில் நிற்காமல் இரண்டு பக்கமும் சரிந்து படுக்கையில் கிடந்தது. கோட் பெரியவர் சட்டையைப் பிள்ளைக்குப் போட்டது போல இருந்தது. வந்தவர்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்கள். கதவுக்கு அப்பால் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"ஊசி குத்தினியா?"

"இல்லக்கா."

அவள் குனிந்து கோட்டை விலக்கினாள். பேண்ட்டின் உள்பட்டியில் முப்பத்தாறு என்ற லேபிள் தெரிந்தது. பட்டிக்கும் வயிற்றுக்கும் நடுவில் கையை விட்டாள். மணிக்கட்டு வரைக்கும் தாராளமாகப் போனது. அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எத்தனைடா?"

மாமாவுக்கும் தெரியும் என்று சொல்லிவிடலாம். தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் இந்தப் பாரத்தில் பாதி இறங்கிவிடும், இறங்கி அந்தக் கட்டிலில் கிடப்பவர் மேல் உட்காரும். மாஸ்டர் அதை விழுங்கினார்.

"நாப்பது இருந்துது. இப்ப முப்பத்திமூணு. ஏழு அங்குலம்க்கா."

"நான் போன்ல கேட்டேனே, அன்னைக்கு?"

"அன்னைக்கு நாலு."

அக்கா தலையை ஆட்டினாள். கையை மெதுவாக வெளியே எடுத்து, கோட்டின் நடு பட்டனைத் தானே போட்டுவிட்டாள். பிறகு கதவைத் திறந்து, காத்திருந்தவர்களை உள்ளே வரச் சொன்னாள்.