தை மாதத்து ஓடைத் தண்ணீர்

…இல்லை, நாற்றம் இல்லை, இன்னொரு தரம் குனிந்து மோந்து பார்த்தாலும் இல்லை, வெறும் ஈர மண் வாசனைதான், அதுவும் தை மாதத்தில், மேலே மலையில் காப்பிப் பழத்தைப் பறித்து மெஷினில் போட்டுத் தோலுரித்துக்கொண்டிருக்கிற இதே மாதத்தில், ஓடைக் கிணற்றின் அடிப்பாறை தெரிகிறது என்றால் நம்பவா முடிகிறது… அன்புச்செல்வி மோட்டார் ரூமுக்குள் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மூன்று வருடமாக ஊருக்கு லாரித் தண்ணீர்தான், இன்றைக்குத்தான் இந்த மோட்டாருக்கு மறுபடி வேலை, முனகிற்று, இருமிற்று, பிறகு பிடித்துக்கொண்டது. மேல்தொட்டி நிரம்ப முக்கால் மணி நேரம். உட்காரலாம். ஆனால் கால் உட்கார விட்டால்தானே?

பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடம், அத்தனை நாளும் தன் கையால் திறந்ததை ஊர் குடிக்கிறது என்று ஒரு பெருமை இருந்தது, மூன்று வருடத்துக்கு முந்தின அந்தத் தை மாதம் வரைக்கும். அன்று வால்வைத் திருகினாள், குழாயில் வந்தது கறுப்பும் பழுப்புமாகப் புளித்த தண்ணீர், ஓடிப்போய் மூடுவதற்குள் பாதித் தெரு பிடித்துவிட்டது, மூன்று நாள் வாந்தியும் பேதியும். எதிர்வீட்டுக் குப்பாயி ஒரு குடத்தைக் கொண்டுவந்து வாசலில் கவிழ்த்தாள். “உங்கையாலதானே உட்டே, இந்தா, நீயே வெச்சுக்க.” உன் கையால்… அந்தச் சொல் மட்டும் இல்லாதிருந்தால் மலையேறியிருப்பாளா? ஓடையைப் பிடித்துக்கொண்டே நாலு மணி நேரம் நடந்தாள், முள் கிழித்தது, மேலே எஸ்டேட் மெஷின் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழாய், அதிலிருந்து நுரையும் சிவப்புத் தோலுமாக நேரே ஓடைக்குள். அவ்வளவுதான் விஷயம். ஒரு குழாய்.

மனு எழுதினாள். சேலத்திலிருந்து மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர் வந்தார், எப்போது? சித்திரையில். சித்திரையில் மலையில் ஏது பழம், மெஷின் ஏன் ஓடும்? “தண்ணி நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். அதற்கப்புறம்தான் தினமும் ஓடையில் நாலு இடத்தில் நின்று போனில் படம் எடுக்க ஆரம்பித்தாள், தேதியோடு, ஊர் சிரித்தது, சிரிக்கட்டும். கிராமசபையில் அந்தப் படங்களைக் காட்டி, கழிவுத் தண்ணீருக்கு ஒரு குழி வெட்டச் சொல்லுங்கள் என்று கேட்டாள், குழிதான் கேட்டாள், மெஷினை மூடச் சொல்லவில்லை… ஆனால் மெஷினை மூடப் போகிறார்கள் என்று சொல்லித்தான் மேனேஜர் இரண்டு வேன் நிறையப் பழம் பறிக்கிற பெண்களைக் கூட்டி வந்திருந்தார். எழுந்து பேசியது யார்? அவள் கூடப்பிறந்த அக்கா, சாரதாமணி.

“மெசின மூடிப்போட்டா எங்களுக்கு ஏதுங்க வேல? வேல போனா எஸ்டேட்டுல குடுத்த லயன் ஊடும் போயிருமுங்க. அட்டக்கடியில நின்னு பறிக்கறமுங்க, எடையில கழிக்கறதுபோக மிச்சத்துக்குத்தான் சோறுங்க.” சபையைப் பார்த்துத்தான் பேசினாள், தங்கை பக்கம் திரும்பவில்லை, காப்பிக் கறை ஏறிய அந்த விரல்கள் மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தன. அதன்பிறகு ஒரு வருடம் பேச்சில்லை. அக்கா சொன்னதில் பொய் என்ன இருக்கிறது? அதுதானே தூங்கவிடாமல் அறுத்தது.

பிறகு போன தை, காலை ஏழு மணி, தெரியாத நம்பர், ஆனால் அக்காவின் குரல். “மெசின் ஓடுது. இன்னிக்கும் நாளைக்கும் ஓடும். அந்த ஆபீசரக் கூட்டிட்டு வா. நாஞ் சொன்னேன்னு மூச்சு உட்றாத சாமி.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அடுத்த பஸ்ஸிலேயே சேலம் போய் ஆபீசரின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்த அன்புச்செல்வி, அவர் ஜீப்பில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. எஸ்டேட் குழாயின் வாயிலேயே கழிவைப் பாட்டிலில் பிடித்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டே எழுதினார் அந்த மனுஷன். ஐப்பசிக்குள் கழிவுக் குழி கட்டு, இல்லையென்றால் மெஷின் ஓடக் கூடாது என்று உத்தரவு வந்தது, கட்டிவிட்டார்கள், ஜெயித்துவிட்டாள், ஆமாம், ஜெயித்துத்தான் விட்டாள், சொல்லிப் பார்த்தால் வாய் இனிக்கிறது.

தொட்டி நிரம்பி வழிந்தது. வால்வைத் திருகினாள், காற்று சீறியது, துரு கொஞ்சம் வந்தது, பிறகு தெருக் குழாயில் வெள்ளி போலத் தண்ணீர். குடங்கள் இடித்துக்கொண்டன. குப்பாயி முதல் ஆளாகக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, ஈர வாயோடு அவளைப் பார்த்து, “நல்லாருக்குது புள்ள” என்றாள், அந்த ஒரு வார்த்தைக்கு அன்புச்செல்வியின் நெஞ்சு விம்மி நிமிர்ந்தது, யாராவது மாலை போட்டிருந்தால்கூட இப்படி இருந்திருக்காது. உடனே அக்காவிடம் சொல்ல வேண்டும். போனை எடுத்தாள்.

“அக்கா, தண்ணி வந்திருச்சு. கண்ணாடி மாதிரி.”

“வந்திருச்சா…” சாரதாமணி சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது. “ஒண்ணுமில்ல கண்ணு. அந்தக் கழிவுத் தண்ணியெல்லாம் இப்ப இங்கயே நிக்குதில்ல, எங்க லயனுக்குப் பின்னாலதான் குழி. சன்னலத் தொறக்க முடியறதில்ல. அத உடு, நீ ஒரு வாய் குடிச்சயா?”

கையில் பிடித்திருந்த சொம்பில் தண்ணீர் தளும்பியது. இங்கே இல்லாத நாற்றம் எங்கேயும் இல்லை என்று நினைத்துவிட்டாளா? அத்தனை மனு எழுதினாளே, குழி வேண்டும், குழி வேண்டும் என்று, அதை எங்கே வெட்டக் கூடாது என்று ஒரு மனுவிலாவது எழுதினாளா…

“குடிக்கறேங்க்கா,” என்றாள். “மத்தியான பஸ்ஸுக்கு அங்க வாரேன்.”