நாலு வாத்தியமும் ஒரு தப்பும்

தெஹியோவிட்ட ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் நான் சமையல்காரன். துரையின் கிராமபோனில் அன்று நாலு தந்தி வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. ஜெர்மன்காரர் ஒருவர் காது அடியோடு போனபின், நோயில் கிடந்து எழுந்து எழுதியதாம். துரை சொன்னதற்குத் தலையாட்டினேன், நம்பவில்லை.

மறுநாள் விடியற்காலை, கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்த மூக்கனிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவிடனுக்கு ஏதுண்ணே தாளம்? தொர நல்லாப் புளுகுறாரு!"

மூக்கன் மேளத்தின் தோலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"எனக்குக் காது போயி ஆறு வருசமாச்சு தம்பி. ஒருநாளாச்சும் என் தப்புல தப்பு வந்திருக்கா?"

அன்று மாலை, அந்த இசைத்தட்டை மறுபடி போடும்படி துரையிடம் நானே கேட்டேன்.