டாக்டர் சுருதிக்கு வந்த கதை

மாட்டு டாக்டர் ரடோவானுக்கு அறுபத்தேழு வயதில் ஊருக்குள் மிச்சமிருந்த ஒரே கௌரவம், ஒதீலியாவின் இசைக்குழுவில் மூன்றாவது நாற்காலி. ரெக்கார்டர் என்கிற மரக்குழல்களை நேராகப் பிடித்துக்கொண்டு, நானூறு வருஷத்துக்கு முந்தைய நடன இசையை ஊதும் நாலு பேர் குழு அது. இப்போது அந்த நாற்காலிக்கும் ஆபத்து.

"டாக்டர், போன மூணு கச்சேரியும் நீங்க சுருதி இறங்கிட்டீங்க," என்றாள் ஒதீலியா. மருந்துக்கடைக்காரி. பேச்சைக்கூடச் சொட்டுச் சொட்டாக அளந்துதான் விடுவாள். "ஞாயித்துக்கிழமையும் இறங்கினா, ஜனவரியிலேர்ந்து ஸ்வோலென் ஊரு பல் டாக்டர் வருவாரு. அவரோடது பேரிக்காய் மரக் குழல்."

"என்னோடதும் பேரி மரந்தாங்க."

"அவரோடது சுருதி நிக்கிற பேரி மரம்."

குளிர்ந்த குழல் சுருதி இறங்கித்தான் பேசும். அதனால் கச்சேரிக்கு முன் குழலின் தலைத்துண்டைக் கழற்றி அக்குளில் செருகிக்கொள்வது இவர்கள் வழக்கம். மற்றவர்கள் ஐந்து நிமிஷம் வைப்பார்கள். ரடோவான் ஞாயிற்றுக்கிழமை காலைக் காப்பியிலிருந்தே வைத்திருந்தார். முட்டைக்கோஸ் சூப்பை ஒற்றைக் கையால் குடித்தார். நாற்பது வருஷம் பசுக்களின் வாலைத் தூக்கிக் காய்ச்சல் பார்த்தவருக்கு உடம்புச் சூட்டின் அருமை தெரியாதா?

கச்சேரி நடக்கவிருந்த மாதா கோயிலில் கணப்பு பழுது. ஒதீலியாவும் குழுவின் மற்ற இருவரான எர்னாவும் கமிலும் நாற்காலி இழுத்துப் போட்டதில், அவர்கள் குழல்கள் கல் பெஞ்சில் விறைத்துக் கிடந்தன. சூடுபடுத்த நேரமில்லை, சனம் வந்து உட்கார்ந்துவிட்டது.

சுருதி சேர்க்க ஊதினார்கள். மூன்று குழல்கள் கீழே ஒன்றாய் நின்றன. ரடோவானுடையது மட்டும் மேலே தனியாக நின்றது.

"டாக்டர்!" ஒதீலியா பல்லைக் கடித்தாள். "இப்ப ஏறிட்டீங்க!"

"ஏன்யா, இறங்காதேன்னா கூரை மேலயா ஏறுவ?" என்று பக்கத்தில் கிசுகிசுத்தான் பெரிய குழல் ஊதும் கமில். "நாங்க மூணு பேரு ஒரு பக்கம். நீ ஒத்தை ஆளு. பாத்துக்க."

ரடோவான் கைப்பேசியில் சுருதி காட்டும் முள்ளைப் பார்த்தார். தன் குழலுக்கு முள் நட்டநடுவில் நின்றது. அறுபத்தேழு வருஷத்தில் முதல்முறையாக அவர் சரி, உலகம் தப்பு. காட்டியிருக்கலாம். ஆனால் அந்தக் குளிரிலும் ஒதீலியாவின் நெற்றி வியர்த்திருந்தது. முன்வரிசை முழுக்க அவள் கடையில் மாத்திரை வாங்குகிறவர்கள்.

கைப்பேசியைப் பைக்குள் போட்டார். தலைத்துண்டைக் கொஞ்சம் வெளியே இழுத்தார். குழல் நீண்டது, சுருதி இறங்கியது. நாலும் ஒன்றாயின.

ஆனால் ஊத ஊத மற்ற மூன்றும் மூச்சில் சூடேறி, மெல்ல மேலே வரத் தொடங்கின. ரடோவான் ஒவ்வொரு பாட்டின் இடையிலும், மூக்கைத் துடைக்கிற பாவனையில் தலைத்துண்டை நூலளவு உள்ளே தள்ளினார். கடைசி நடனத்தில் அது அடிவரை போய் உட்கார்ந்துவிட்டது. காலையிலிருந்து அவர் காத்த இடத்துக்கு எல்லாரும் வந்து சேர்ந்திருந்தார்கள்.

கைதட்டல் ஓய்ந்து சூடான ஒயின் வந்தபோது, ஒதீலியாவே அவருக்கு ஒரு குவளை நீட்டினாள்.

"பாத்தீங்களா டாக்டர்? காதைத் திறந்து வெச்சா தானா வருது. கடைசியில எங்க வழிக்கு வந்துட்டீங்க. பல் டாக்டருக்கு வேணாம்னு சொல்லிடுறேன்."

"எல்லாம் நீங்க இழுத்துட்டு வந்ததுதாங்க," என்றபடி ரடோவான் குவளையை இடது கையால் வாங்கினார். வலது கை, காலையிலிருந்து அக்குளை இறுக்கிய பழக்கத்தில், குழலைக் கீழே வைத்ததுமே மறுபடி விலாவில் ஒட்டிக்கொண்டு கிளம்ப மறுத்தது.