விசில் விழுந்த பாட்டு

“அந்த ஃபேனை நிறுத்துங்க” என்றாள் சபிதா.

சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மழை வருகிறேன் வருகிறேன் என்று மிரட்டிக்கொண்டிருந்த புழுக்கம். அந்தச் சின்ன முன்னறையில் முப்பது பேர். துக்கத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

“மைனி, எல்லாருக்கும் வேத்து ஒழுகுது” என்றாள் இறந்துபோன ஜான்ரோஸின் தங்கை ராஜபாய்.

“ஒழுகட்டு. மைக்குல காத்து அடிக்கும். குவைத்துல இருக்குத பிள்ளைக்கு இரைச்சல்தான் கேக்கும்.”

கேமராவுக்குப் பின்னால் நின்ற எபிசன் ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்தான். சாவு வீடுகளில் லைவ் போடுவது அவன் தொழில். வரமுடியாமல் வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு அவன்தான் கண்ணும் காதும். “அக்கா சொல்லுகது சரிதான்” என்று அவனே போய் சுவிட்சை அணைத்தான். “அக்காவுக்கு எப்பிடித் தெரியும்?”

சபிதா பெட்டியைக் காட்டினாள். “அவருக்குத் தெரியும்.”

அந்த வீட்டில் பதினோரு வருடமாக ஃபேன் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். ஜான்ரோஸ் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், பத்துப் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். அதற்குப் பிறகு அவர் பாட்டுக்காரர். படுக்கையறையில் மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, சபிதாவின் சேலைகளைக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை நட்டுக்கொள்வார். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, தானே பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவார். சேலை எதிரொலியைக் குடிக்கும் என்பார். அதிலும் கல்யாணச் சேலை நன்றாகக் குடிக்குமாம்.

நேற்றுக் காலை தோட்டத்தில், வெட்டிக்கொண்டிருந்த மரத்தடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயது.

மதியம் சபைச் செயலர் ரத்தினம் பாட்டுச் சீட்டோடு வந்தார். வீட்டில் இரண்டு பாட்டு, போகும் வழியில் ஒன்று, கல்லறைத் தோட்டத்தில் ஒன்று. எல்லாம் பாட்டுப் புத்தகத்து எண்கள். சபிதா சீட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தாள்.

“அண்ணே, கடைசிப் பாட்டு அவருக்க பாட்டா இருக்கட்டு.”

“எந்தப் பாட்டு?”

“அவரு ஒரு ஆனி மாசம் எழுதினது.”

ரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுல ஆண்டவருக்க பேரு உண்டா?”

“மழை உண்டு.”

“மழை உண்டுன்னா?”

“மழையை யாரு தந்ததாம்?”

ரத்தினம் கெட்ட மனிதர் அல்ல. இரவெல்லாம் இந்த வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு இருந்தவர். “மக்கா, கோவிச்சுக்கிடாத” என்றார் தணிந்த குரலில். “அடக்கத்துல பாடுகதுன்னா வந்தவன் எல்லாம் கூடப் பாடணும். தெரியாத பாட்டை எடுத்தா ஒருத்தன் பாடுவான், மத்தவன் எல்லாம் வாயைப் பாத்துட்டு நிப்பான். அது ஜான்ரோஸுக்குத்தான் கொறச்சல். நாலு பேருக்கு அந்தப் பாட்டு தெரியும்னு சொல்லு, இப்பமே மாத்தி எழுதுகேன்.”

சபிதா அறையைச் சுற்றிப் பார்த்தாள். அங்கே இருந்த எல்லாருடைய செல்போனிலும் அந்தப் பாட்டு உண்டு. குடும்ப குரூப்பு, சபை குரூப்பு, பால்வெட்டுக்காரர் குரூப்பு என்று ஒன்று விடாமல் அனுப்பியிருந்தார் மனிதர். எல்லாரும் உடனே பதில் போட்டிருந்தார்கள், கைகூப்புகிற படம்.

“அண்ணனுக்கும் அனுப்பியிருப்பாருல்லா?”

“எல்லாப் பாட்டும் வரும். நானும் கும்பிடு போடுவேன்.”

“கேட்டியளா?”

ரத்தினம் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

“மைனி, விடுங்க” என்று ராஜபாய் கையைப் பிடித்தாள். சபிதா விட்டுவிடுகிற ஆள் அல்ல. ஆனால் ரத்தினம் கேட்ட நாலு பேருக்கு எங்கே போவாள்? அந்தப் பாட்டை இதுவரை கேட்டது அறுபத்தொரு தடவை என்று யூடியூப் காட்டுகிறது. அதிலும் பதினேழு அவளுடையது. கருங்கல் ஊரில் தான் வேலை பார்க்கும் தையல்கடையில் மெஷினை மிதித்துக்கொண்டே தன் போனில் ஓடவிடுவாள். சாயங்காலம் ஜான்ரோஸ் போனைத் திறந்து, “சபி, இன்னைக்கு ஒருத்தன் கடைசி வரைக்கும் கேட்டிருக்கான்!” என்று துள்ளுவார். அவள் வாயைத் திறக்கமாட்டாள். யார் எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்று காட்ட யூடியூபில் ஒரு கோடு உண்டு. பெரும்பாலும் அரை நிமிடத்திலேயே அந்தக் கோடு குப்புற விழுந்து கிடக்கும். “பாதில எழும்பிப் போறானுவ. முழுசும் கேக்குதவன் ஊருக்கு ஒருத்தன் இருந்தா போரும்” என்று சிரிப்பார். சிரித்துவிட்டு அடுத்த பாட்டை எழுத உட்காருவார்.

ஆரம்பத்தில் சபிதாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ‘நாணமில்லாத மனுஷன், கேக்காதவனுக்கெல்லாம் பாட்டு அனுப்புகாரு’ என்று எரிச்சல்படுவாள். அந்த வெட்கம் எந்த வருடத்தில் பெருமையாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. பால் வெட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர். வெட்டிவிட்டு வந்து, கையில் பால் மணம் போகுமுன்னே, நேற்றுவரை உலகத்தில் இல்லாத ஒரு பாட்டை உண்டாக்கி வைக்கிறவர் யார்? அவளைக் கெட்டியவர்தான். பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு அழுகையைவிட அந்தப் பெருமைதான் முந்தி வந்தது. இந்த ஆளை வெறும் பால்வெட்டுக்காரராக மண்ணுக்குள் அனுப்ப அவளுக்கு மனமில்லை.

நாலு வருடம் முன்பு, ஒரு ஆனி மாதத்தில் உண்டான பாட்டு அது. மூன்று வாரம் அடைமழை. நனைந்த மரத்தை வெட்ட முடியாது. வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தவர் தோர்ந்து ஓயட்டும் என்று மழையிடமே பேசுகிற மாதிரி எழுதினார்.

மழை தோரட்டும், மரம் காயட்டும்,
மண்ணு மணக்கட்டும் – நான்
மெல்ல வருகேன், மெல்ல வருகேன்,
விளக்கை அணைக்காதே.

நாள் முழுவதும் இரைந்த மழை ஒரு பதினைந்து நிமிடம் ஓய்ந்தபோது சேலைகளுக்கு நடுவில் நின்று பாடிப் பதிவு செய்தார். இரண்டாவது ‘மெல்ல வருகேன்’ முடிந்த இடத்தில் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்த குக்கர் நீளமாக ஒரு விசில் அடித்தது. சபிதா ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கதவருகில் நின்றாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விசில் ஓயும்வரை காத்திருந்தார், பிறகு விட்ட இடத்திலிருந்து எடுத்தார். முடிந்ததும், “பாட்டைக் கெடுத்துச் சீத்தையாக்கிட்டேனே, இன்னொரு தடவை பாடுங்க” என்றாள். “கிடக்கட்டு, சபி. வீடுன்னா விசில் அடிக்கத்தான் செய்யும்” என்று அப்படியே ஏற்றிவிட்டார்.

இரண்டரை மணிக்கு மகள் ஜெனிலா குவைத்திலிருந்து கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. லீவு கிடைக்கவில்லை. அழுது அழுது குரல் கரகரத்திருந்தது.

“அம்மா, லைவ்ல அப்பாக்க பாட்டு போகுது. நீங்களா குடுத்தீங்க?”

“எந்தப் பாட்டு, மக்கா?”

“இன்னும் தொடங்கல்ல. அப்பாக்க போட்டோவும் நேரமும் போட்டு வச்சிருக்காங்க. பின்னால பாட்டு. இந்தா கேளுங்க.”

போனுக்குள் குக்கர் விசில் அடித்தது.

சபிதா எழுந்தாள். முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு எபிசனிடம் போனாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் பயந்துவிட்டான்.

“நீ போட்டிருக்குத பாட்டு ஏது?”

“அக்கா, இது எல்லா எழவு வீட்டுக்கும் போடுகதுதான். வேண்டாம்னா மாத்திருகேன்.”

“எல்லா வீட்டுக்குமா?”

“எங்க ஆளுங்க எல்லாருக்க பென்டிரைவ்லயும் இது உண்டு. பேச்சிப்பாறையிலேர்ந்து கடப்புறம் வரைக்கும் இதுதான். லைவ் தொடங்குமுன்ன போடுவோம், பொறகு வீடியோ எடுத்துக் குடுக்கும்போ முன்னும் பின்னும் போடுவோம்.”

அடக்கத்துக்கு நேரில் வந்து போகிறவர்களுக்கு அது கேட்காது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களும், புதைத்துவிட்டு வந்து அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்கிற வீட்டார்களும்தான் கேட்டிருப்பார்கள். ஜான்ரோஸ் வீட்டில் ஏழு வருடமாகச் சாவு இல்லை.

“யாரு பாடினதுன்னு தெரியுமா?”

“தெரியாதுக்கா. எவனோ நெட்லேர்ந்து எடுத்தான். எனக்க கையில வரும்போதே பேரு இல்ல.”

“நடுவுல ஒரு விசில் வருமே.”

“ஓ, வரும். ரயிலு. ஆத்மா போகுத ரயிலுன்னு சொல்லுவாங்க.”

“ரயிலும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. எனக்க குக்கரு. மரச்சீனி வெந்தது.”

எபிசன் அவளைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “இவியளா?” என்றான்.

“முழுசும் கேப்பாவளா?”

“என்னது, அக்கா?”

“பாட்டை. பாதில எழும்பிப் போவாவளா?”

“செத்தவியளுக்க வீடியோவை எவன் பாதில நிறுத்துவான்? திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குத ஆளுதான் உண்டு.”

சபிதா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று ராஜபாய் ஓடி வந்தாள். அழுகைதான், ஆனால் தோள் குலுங்கியதில் பாதி சிரிப்பு. ஊருக்கு ஒருத்தன் போதும் என்ற மனிதருக்கு ஊரே உட்கார்ந்து கேட்டிருக்கிறது. அவருக்குத்தான் சொல்ல முடியாது.

“பேரைப் போடு” என்றாள் தலைப்பை விலக்கி.

“இப்பமா?”

“இப்பம். பாட்டு ஜான்ரோஸ்னு போடு. இனி யாரு வீட்டுக்குப் போட்டாலும் அந்தப் பேரோட போடணும். உனக்க ஆளுவகிட்டயும் சொல்லு.”

எபிசன் லாப்டாப்பில் பெயரை அடித்தான். சரியாக வருகிறதா என்று பார்க்கப் பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டபோது, அவசரத்தில் ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டிருந்தான். பாட்டு அறையில் கேட்டது. பேச்சு நின்றது. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்ற ரத்தினம் உள்ளே திரும்பினார். அவர் உதடுகள் பாட்டுக்கு ஒரு வார்த்தை முந்தி அசைந்தன.

“இது ஞானபாய்க்குப் போட்டதுல்லா” என்றார். ஞானபாய் அவர் மனைவி. இறந்து இரண்டு வருடம் ஆகிறது. “சனியாழ்ச்சதோறும் போட்டுப் பாக்குகேன். இது… இது ஜான்ரோஸா?”

“நான் எழுதின பாட்டுன்னு அவரு உங்களுக்கும் அனுப்பினாரு, அண்ணே.”

ரத்தினம் படியேறி உள்ளே வந்து, பெட்டியின் விளிம்பில் கையை வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து, கடைசி எண்ணை அடித்தார்.

“பாட்டுக்க பேரு என்ன?”

“மழை தோரட்டும். ஆண்டவருக்க பேரு இல்லேண்ணே.”

“மழை உண்டுல்லா” என்றபடி எழுதினார். “போதகர்கிட்ட நான் பேசிக்கிடுகேன்.”

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்து, எல்லாரும் பிடி மண் போட்டார்கள். மழை இன்னும் வரவில்லை. காற்று மட்டும் வந்துவிட்டது. எபிசன் மைக்குக்கு ஒரு துண்டுத் துணியைச் சுற்றியிருந்தான். ரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு தானே பாட்டை எடுத்தார்.

முதல் வரி தனியாகத்தான் போயிற்று. சபிதா ராஜபாயின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது வரியில் இடதுபக்கமிருந்து ஒரு பெண்குரல் சேர்ந்தது. போன வருடம் அம்மாவைப் புதைத்தவள். அப்புறம் பின்னாலிருந்து இரண்டு ஆண்கள். பிறகு இன்ன இடம் என்றில்லாமல் இங்கும் அங்குமாகக் குரல்கள் எழுந்தன. பாடாமல் நின்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் பாடுகிறவர்களை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். எந்தெந்த வீட்டில் சாவு விழுந்தது என்று அந்தக் குரல்களை வைத்தே சொல்லிவிடலாம் போலிருந்தது. சபிதா நிமிர்ந்து நின்று கேட்டாள். ஒருவரும் பாதியில் போகவில்லை.

மெல்ல வருகேன், மெல்ல வருகேன்…

எல்லாரும் நிறுத்தினார்கள். ரத்தினமும் நிறுத்தினார். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாட்டு அங்கே அப்படித்தான் என்று நினைத்துக் காத்து நின்றார்கள். காற்று மட்டும் கேட்டது.

சபிதாவின் வலதுகை, இடுப்பு உயரத்தில், அடுப்பை அணைக்கிற மாதிரி ஒரு திருப்புத் திரும்பியது.

பிறகு எல்லாரும் சேர்ந்து அடுத்த வரியை எடுத்தார்கள்.